கடைசி பாக்ஸ் பக்கத்தில் நின்றவள்

அவள் எதையும் ஒன்றே ஒன்றாக வாங்கி நான் பார்த்ததில்லை. காசிமேட்டுக்குப் போனால் ஒரு கூறு சங்கரா மீன் இந்த ஆயாவிடம், இன்னொரு கூறு நாலு கடை தள்ளி வேறொரு ஆயாவிடம். வீட்டுக்கு வந்து இரண்டையும் தனித்தனிச் சட்டியில், ஒரே அளவு புளி, ஒரே அளவு மிளகாய்த்தூள் போட்டுக் கொதிக்கவிடுவாள். நான் சாப்பிட உட்கார்ந்தால் தட்டின் இரண்டு பக்கமும் இரண்டு குழம்பு வந்து விழும்.

"எது நல்லா கீது, சொல்லுங்க."

பசியோடு போனவனுக்கு இதென்ன பரீட்சை? "ரெண்டும் நல்லாதாம்மா கீது" என்பேன். அவள் முகம் சுருங்கிவிடும்.

"ரெண்டும் ஒண்ணா இருக்கவே முடியாதுண்ணா. நீங்க சரியா துன்னல."

அவள் என் கூட்டாளியின் தங்கச்சி. அப்பா அம்மா இல்லாத வீடு. அண்ணன் தங்கை இரண்டே பேர். நானும் அவனும் கல்மண்டபத்தில் மைக் செட் வைத்திருந்தோம். மாதா கோயில் திருநாள், ஆடி மாதத்துக் கூழ், மஞ்சள் நீராட்டு, சாவு வீடு, எது வந்தாலும் எங்கள் ஸ்பீக்கர் பாக்ஸ்கள் மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் ஏறித் தெருத்தெருவாகப் போகும். அவன் ஒயர் இழுப்பான், மைக்கில் பேசுவான், ஊரோடு சிரிப்பான். நான் கோளாறு பார்ப்பேன். கோளாறு பார்ப்பது என்றால் பெரிய படிப்பெல்லாம் இல்லை. பாக்ஸ் கரகரத்தால் ஆம்ப்ளிஃபையரின் பின்னாலிருந்து ஒயரைப் புடுங்கு, நுனியைச் சட்டையில் துடை, திருப்பிச் சொருகு. பத்துக்கு ஒன்பது தடவை சரியாகிவிடும். ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டுத்தான் இதைச் செய்யவேண்டும் என்று இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரியும், எவனும் செய்வதில்லை. கல்யாண வீட்டில் பாட்டு ஒரு நிமிடம் நின்றால் நூறு பேர் நம்மைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

எங்கள் தொழிலில் இன்னொரு வழக்கமும் உண்டு. தெரு நெடுக பாக்ஸ் வைத்து முடித்ததும் ஒருவன் மைக்கில் நிற்பான். இன்னொரு ஆள் கடைசி பாக்ஸ் பக்கத்தில் போய் நிற்கவேண்டும். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் உறுமுகிற தெருவில் கத்தினாலும் காதில் விழாது, போன் போட்டாலும் கேட்காது. ஆகையால் கைதான் பாஷை. மைக்கில் இருப்பவன் "ஹலோ... ஹலோ... கேக்குதா?" என்பான். கேட்டால் கடைசி பாக்ஸ் ஆள் வலது கையைத் தலைக்கு மேல் தூக்குவார். கையைத் தூக்காதவரை அவன் கேட்டுக்கொண்டே இருப்பான். அவளுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து கடைசி பாக்ஸ் அவளுடையதுதான். எலக்ட்ரானிக்ஸில் டிப்ளமா முடித்து, எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மீட்டர்களைப் பார்த்துக்கொள்கிற வேலைக்குப் போன பிறகும், லீவு நாளில் எங்களுக்கு வேலை இருந்தால் வந்து நின்றுவிடுவாள்.

அந்த வேலைக்கு எப்படிப் போவது என்பதிலும் ஒரு கூத்து நடந்தது. ஒரு மாதம் முழுக்க ரயிலில் போனாள், அடுத்த மாதம் முழுக்க பஸ்ஸில் போனாள். பிறகு தீர்ப்புச் சொன்னாள்: "ரயில்னா சீக்கிரம் பூடலாம். ஆனா பஸ்ஸு திருவொத்தியூர் தாண்டி லாரிங்க பின்னாடி நிக்கும் பாருங்க, அந்த நேரத்துல ஒரு முழு சர்க்யூட்ட யோசிச்சிடலாம். பஸ்ஸுதாண்ணா மேலு." ஊரே சபிக்கிற அந்த லாரி வரிசையை வாழ்த்திய ஒரே ஜீவன் அவள்தான்.

அவள் யோசித்த சர்க்யூட் எல்லாம் ஆம்ப்ளிஃபையர் சர்க்யூட். சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் லேப்டாப்பைத் திறப்பாள். திரையில் சர்க்யூட்டை வரைந்து, ஒவ்வொரு பாகத்துக்கும் அளவு கொடுத்துவிட்டால், நிஜத்தில் செய்தால் எப்படி வேலை செய்யும் என்று அது கோடு போட்டுக் காட்டும். சிமுலேஷன் என்று அதற்குப் பெயர். அவள் வாயில் அது "ஓட்டிப் பாக்குறது". சால்டர் இல்லை, புகை இல்லை, கரண்ட் பில் இல்லை. நான் சும்மா இருப்பேனா?

"சோத்தப் படமா வரைஞ்சி வெச்சா பசி ஆறுமாம்மா?"

"என் படத்துல உப்பு எவ்ளோன்னு முன்னாடியே தெரிஞ்சிடும்ணா. உங்க சோத்துல துன்னாதான் தெரியும்."

திரையில் எப்போதும் இரண்டு சர்க்யூட் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்று வோல்டேஜ் ஃபீட்பேக், ஒன்று கரண்ட் ஃபீட்பேக். எனக்கும் அவள் அண்ணனுக்கும் அதைச் சொல்லிப் புரியவைத்த விதம் எனக்கு இன்னும் அப்படியே காதில் இருக்கிறது.

"ஆம்ப்ளிஃபையரு கண்ண மூடிக்கினு கத்தாதுண்ணா. தான் வெளிய அனுப்பினது சரியாப் போச்சான்னு திரும்பித் திரும்பிப் பாத்துக்கும். அதுக்குப் பேருதான் ஃபீட்பேக். சிலது வோல்டேஜப் பாக்கும், சிலது கரண்டப் பாக்கும். வோல்டேஜப் பாக்குதே, அது புள்ள கைய வுடாத அம்மா. பாக்ஸ் உள்ள ஆடி ஆடி சத்தம் குடுக்குற கோன் கீதுல்ல, அது நில்லுன்னா நிக்கணும். கரண்டப் பாக்குதே, அது சோறு மட்டும் அளந்து போட்ற அம்மா. துன்னுட்டு புள்ள இன்னா பண்ணுதுன்னு கேக்காது. பாட்டு நின்ன பொறவும் கோன் கொஞ்சம் ஆடிட்டுதான் நிக்கும்."

"இதுல எது நல்ல அம்மா?" என்று கேட்டான் அவள் அண்ணன்.

"ஓட்டிப் பாத்துட்டு சொல்றேன்."

சொல்லவே இல்லை. வருடக்கணக்காக ஓட்டிக்கொண்டுதான் இருந்தாள். அவளுக்கு ஒரே ஒரு விஷயத்தில்தான் தீர்மானமான கருத்து இருந்தது. இந்த மாதிரி ஓட்டிப் பார்க்கிறவர்களில் பாதிப் பேர், ஸ்பீக்கர் இருக்கவேண்டிய இடத்தில் சுளுவாக ஒரு எட்டு ஓம் ரெசிஸ்டரைப் போட்டுவிடுவார்களாம். அப்படிப் போட்டால் இரண்டு சர்க்யூட்டும் அச்சு அசல் ஒரே மாதிரி நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளுமாம். "ரெசிஸ்டருக்கு ஆசையும் கெடையாது, அடமும் கெடையாது. குடுத்தத வாங்கிக்கும். நெசமான ஸ்பீக்கரக் கட்டுங்க, அப்பதான் தெரியும் யாரு யாருன்னு."

இது சர்க்யூட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வியாசர்பாடியிலிருந்து ஒரு மாப்பிள்ளை வந்து பார்த்துவிட்டுப் போனார். நல்ல பையன், ரயில்வேயில் வேலை, மரியாதையான பேச்சு. எப்படிம்மா என்று அண்ணன் கேட்டதற்கு, "நல்லாதான் கீறாரு. ஆனா ரெசிஸ்டர் மேல ஓடறாருண்ணா" என்றாள். அவன் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, என்னைக் காட்டி, "அப்ப இவன்?" என்றான். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இவருக்கு இன்னும் லோடே குடுக்கலியே" என்றாள். மூன்று பேரும் சிரித்தோம். நான்தான் அதிகமாகச் சிரித்தேன்.

லோடு ஒரு மத்தியானம் வந்தது. திருவொற்றியூரில் ஒரு கல்யாணம் முடித்து பாக்ஸ்களை மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தோம். அவன் ஒரு பாக்ஸ் மேல் உட்கார்ந்தான்.

"மாமு, நெஞ்சு இன்னாமோ மாரி கீது."

"கேஸுடா. காலைல எத்தினி வடை துன்ன? இரு, சோடா வாங்கியாறேன்."

இஞ்சி சோடா வாங்கிக் கொடுத்தேன். குடித்தான், ஏப்பம் விட்டான், இப்போது தேவலை என்றான். மண்டப நிழலில் ஒயர்ச் சுருள் மேல் தலைவைத்துப் படுத்தான். நான் மீதி பாக்ஸ்களை ஏற்றினேன், கயிறு கட்டினேன், மண்டபக்காரரிடம் நின்று பேசினேன். திரும்பி வந்து, "எழுந்திரு மாமு, போலாம்" என்று காலைத் தட்டினேன். சோடாவுக்கும் அதற்கும் நடுவில் நாற்பது நிமிடம். ஆஸ்பத்திரி அங்கிருந்து ஆட்டோவில் பத்து நிமிடம்கூட இல்லை.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் அவள் கேட்டாள். அழுது முடித்த கண், ஆனால் குரல் சர்க்யூட்டைப் பற்றிக் கேட்கிற அதே குரல்.

"நெஞ்சு வலின்னு சொன்னதுக்கும் ஆஸ்பத்திரிக்குக் கெளம்பினதுக்கும் எவ்ளோ நேரம்ணா இருக்கும்?"

"ஒரு அஞ்சு நிமிஷம் இருக்கும்மா. சோடா குடிச்சான், உடனே சாஞ்சிட்டான்."

"சரிண்ணா" என்றாள்.

அந்த "சரிண்ணா"வை நம்பலாமா கூடாதா என்பதுதான் அதற்குப் பிறகு என் வாழ்க்கை. இரண்டு குழம்பை ருசி பார்க்கிறவள், ரயிலையும் பஸ்ஸையும் மாதக்கணக்கில் எடைபோடுகிறவள், அந்த மத்தியானத்தை மட்டும் சும்மா விடுவாளா? சோடா வாங்கிக்கொடுத்த மத்தியானம் ஒரு பக்கம், ஆட்டோவைக் கூப்பிட்ட மத்தியானம் ஒரு பக்கம். எங்கேயாவது பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டிக்கொண்டிருப்பாள் என்று நான் நிச்சயமாக நினைத்தேன். அவள் லேப்டாப்பைத் திறக்கிறபோதெல்லாம் திரையை எட்டிப் பார்ப்பேன்.

ஆனால் திரையில் அவள் வைத்திருந்தது வேறு. அண்ணனுடைய பாக்ஸ் ஒன்று வீட்டில் இருந்தது. பன்னிரண்டு இஞ்ச் ஸ்பீக்கர் போட்டு அவனே பலகை அறுத்துச் செய்தது, எங்கள் முதல் பாக்ஸ். அதை நடுவீட்டில் மல்லாக்கப் படுக்கவைத்து அளந்தாள். கோன் மேல் ஒரு இரண்டு ரூபாய்க் காசை மெழுகால் ஒட்டி, ஒட்டாமல் எப்படி ஆடுகிறது, ஒட்டினால் எப்படி ஆடுகிறது என்று மீட்டர் வைத்துப் பார்த்தாள். அந்த பாக்ஸின் ஆசை, அடம் எல்லாவற்றையும் எண்களாக்கித் திரைக்குள் கொண்டுபோனாள். அந்த ஃபைலுக்கு அண்ணன் பெயரையே வைத்தாள்.

பிறகு அதற்குள் அவன் குரலை விட்டாள். தொண்டை வறளுகிறது என்று அவன் தன் மைக் டெஸ்டைப் போனில் பதிந்து வைத்திருந்தான். "ஹலோ... ஹலோ... கேக்குதா?" அவ்வளவுதான். சிமுலேஷனில் குரலையும் உள்ளே விடலாம், என்ன வெளியே வரும் என்று ஹெட்போனில் கேட்கலாம் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். இரண்டையும் எனக்குப் போட்டுக் காட்டினாள். வோல்டேஜ் ஃபீட்பேக்கில் அவன் குரல் செய்தி வாசிக்கிறவர் குரல் மாதிரி சுத்தமாக இருந்தது, நின்ற இடத்தில் நின்றது. கரண்ட் ஃபீட்பேக்கில் அடிக்குரல் திம்மென்று பருத்து, கடைசித் "தா" முடிந்த பிறகும் கொஞ்சம் அதிர்ந்து அடங்கியது. அது அவன்தான். தெருவில் கேட்ட அவன்.

"எப்டிம்மா?"

"நீங்க வாங்கின ஒயருதாண்ணா. மெல்லிசு, நீளம் வேற. அவ்ளோ தூரத்துல இருந்து ஆம்ப்ளிஃபையரால பாக்ஸ அடக்க முடியல. அது இஷ்டத்துக்கு ஆடிச்சு. அந்த ஆட்டத்தத்தான் நாம அவன் கொரலுன்னு நெனச்சிகினு இருந்தோம். கரண்ட் ஃபீட்பேக்குலயும் அதே ஆட்டம் வருது."

பேசிக்கொண்டே இன்னொரு தடவை போட்டுக் கேட்டாள். கேட்கும்போது கண்ணை மூடிக்கொண்டாள். அவள் வலது கை மெல்ல எழுந்து தோள் உயரத்துக்கு வந்தது. அது அவளுக்கே தெரியவில்லை. அதற்குப் பிறகு எத்தனை நாள் நான் போனாலும் அதேதான். ஹெட்போன், மூடின கண், தானாக எழும் கை. திரையில் அந்த "தா"வின் வாலைப் பெரிதாக்கி வைத்திருப்பாள். அவன் வாயை மூடின பிறகு ஆடுகிற கோடு அது.

"பேய் புடிச்சா ஊருல ஓட்டுவாங்க. நீ இன்னாடான்னா வெத்தல பாக்கு வெச்சிக் கூப்ட்டுகினு கீறியே" என்றேன். கிண்டலாகத்தான் ஆரம்பித்தேன், கிண்டலாக முடியவில்லை.

"இது அவன் இல்லண்ணா. பாக்ஸ் ஆடுது, அவ்ளோதான். எனக்குத் தெரியாதா?" என்றாள். திரும்பவும் போட்டாள்.

முதல் வருட நினைவு நாளுக்கு அவள் நிஜமாகவே ஒரு ஆம்ப்ளிஃபையர் செய்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தாள்: கரண்ட் ஃபீட்பேக். காலைப் பூசை முடிந்து தெருவில் நாற்காலி போட்டு, அண்ணனுடைய அந்த பாக்ஸை வீட்டு வாசலில் வைத்து, வந்தவர்கள் எல்லாரும் இருக்கும்போது அவன் குரலை ஒரே ஒரு தடவை போடவேண்டும். அதுதான் அவள் ஆசை. ஆம்ப்ளிஃபையரை என்னிடம் கொடுக்கும்போது ஒன்று சொன்னாள்.

"இதுல மட்டும் ஓடறப்ப ஒயரப் புடுங்கிடாதீங்கண்ணா. அணைச்சிட்டுத்தான் கை வெக்கணும்."

"இன்னாமா, எனக்கே சொல்றியா?"

பாக்ஸ் ஒன்றுதான். ஆனாலும் அவள் தெருக்கோடிக்கு நடந்துபோய், எப்போதும் கடைசி பாக்ஸ் நிற்கிற மின்கம்பத்தடியில் நின்றாள். நான் ஆம்ப்ளிஃபையரைப் போட்டு, முதலில் ஒரு மாதா பாட்டை மெதுவாக ஓடவிட்டேன். பாக்ஸ் லேசாகக் கரகரத்தது. நூறு பேர் இருக்கிறார்கள், இப்போதுபோய்க் கரகரக்கிறதே என்று பதறினேன். அடுத்து என்ன செய்வது என்று யோசிக்க எனக்கு நேரமில்லை. கை செய்தது. ஒயரைப் புடுங்கினேன், நுனியைச் சட்டையில் துடைத்தேன், திருப்பிச் சொருகினேன்.

தொப்பென்று ஒரே சத்தம். கோன் வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. பாட்டு இல்லை. ஸ்பீக்கருக்குள் இருக்கிற கம்பிச் சுருள், காயில், கருகினால் வருகிற வார்னிஷ் வாசனை வந்தது.

தெருக்கோடியைப் பார்த்தேன். அவள் கையைப் பாதி தூக்கினபடி நின்றிருந்தாள். குரல் வந்ததும் தூக்குவதற்குத் தயாராக. எவ்வளவு நேரம் அப்படி நின்றாளோ, நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் கையைக் கீழே போட்டுவிட்டு நடந்து வந்தாள். குனிந்து பாக்ஸை முகர்ந்தாள்.

"ஒயரப் புடுங்கினீங்களாண்ணா?"

"இல்லியேம்மா. பழைய காயிலு. நம்ம ஊரு உப்புக் காத்துல எத்தினி வருஷம் தாங்கும்? பாட்டு ஓடிக்கினு இருக்கசொல்லவே பூட்ச்சு."

என் சட்டையில், வயிற்றுப் பக்கம், துடைத்த கறுப்புக் கோடு இருந்தது. அதை அவள் பார்த்தாளா என்று எனக்குத் தெரியாது.

"சரிண்ணா" என்றாள்.

இரண்டு வாரம் கழித்து லேப்டாப்போடு கடைக்கு வந்தாள். திரையில் வழக்கம்போல இரண்டு. "இது வோல்டேஜ். இங்க ஒயரப் புடுங்கறேன், திரும்ப வெக்கறேன். ஒண்ணும் ஆவல பாருங்க. இது கரண்ட். ஒயரப் புடுங்கறேன்." கோடு விறுவிறுவென்று உச்சிக்கு ஏறி அங்கேயே நின்றது. "ஒயரு இல்லன்னா கரண்ட் எங்கயும் போவாது. இதுக்கு அது புரியாது. இன்னும் பத்தலியோ, இன்னும் பத்தலியோன்னு ஏத்திக்கினே பூடும். அந்த நேரம் பாத்து திருப்பி சொருகினா மொத்தமும் பாக்ஸ் தலைல." அவள் அண்ணன் பெயர் போட்ட ஃபைலில் ஒரு சின்னக் கோடு துள்ளியது. புடுங்கினதற்கும் சொருகினதற்கும் நடுவில் அவள் விட்டிருந்த இடைவெளி, எத்தனை நொடி நான் ஒயரைத் துடைத்தேனோ, ஏறக்குறைய அத்தனை நொடி.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவள் அதற்குத்தான் வந்திருந்தாள் என்று இப்போது தெரிகிறது. ஆனால் இந்தப் பொய்யை ஒத்துக்கொண்டால் அடுத்த கேள்வி அந்த அஞ்சு நிமிடம்தான் என்று எனக்குத் தோன்றியது. ஒரு செங்கல்லை உருவினால் சுவரே வந்துவிடும்.

"கம்ப்யூட்டர்ல எல்லாம் கரீட்டாதாம்மா கீது. நெசத்துல உப்புக் காத்து" என்றேன்.

லேப்டாப்பை மூடினாள். ஆம்ப்ளிஃபையரைக் கேட்டு வாங்கிப்போனாள். ஒரு வாரத்தில் திருப்பிக் கொண்டுவந்து வைத்தாள். "உள்ள ஒரு சால்டர் வுட்டிருந்துச்சு, வெச்சிட்டேன். இனிமே எந்த பாக்ஸ் வேணா போடுங்க."

அவள் தெரு திரும்பினதும் நான் செய்த முதல் வேலை, ஒரு உதவாக்கரை பாக்ஸை அதில் கட்டியதுதான். பாட்டு ஓடும்போதே ஒயரைப் புடுங்கினேன். பத்து எண்ணினேன். சொருகினேன். டிக்கென்று ஒரு சின்னச் சத்தம், பாட்டு தொடர்ந்தது. இன்னொரு தடவை. இன்னொரு தடவை. ஒன்றும் ஆகவில்லை. எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி மாளாது. அவள் கம்ப்யூட்டர் காட்டியது பொய். புடுங்கினால் ஒன்றும் ஆகாது. அப்படியானால் அன்றைக்கும் அது நான் இல்லை, உப்புக் காற்றுதான். நான் பொய்யே சொல்லவில்லை!

அதே வருடம் அவளுக்கு விசாகப்பட்டினத்தில் வேலை கிடைத்தது. போகும்போது ஆம்ப்ளிஃபையரை என்னையே வைத்துக்கொள்ளச் சொன்னாள். கருகின பாக்ஸை மட்டும் கூடவே எடுத்துப்போனாள். "அதான் கம்ப்யூட்டர்ல நல்லா கீதே, செத்துப்போனது எதுக்கும்மா?" என்று கேட்டேன். "ரெண்டும் வேணும்ணா" என்றாள்.

ஆறு வருடம் ஆகிறது. அந்த ஆம்ப்ளிஃபையரை வைத்துத்தான் பிழைக்கிறேன். ஒவ்வொரு வேலையிலும், பாக்ஸ் கரகரக்காவிட்டாலும்கூட, ஒரு தடவையாவது ஒயரைப் புடுங்கிச் சொருகிப் பார்ப்பேன். அந்த டிக் சத்தம் வந்தால்தான் எனக்கு அன்றைய சோறு இறங்கும். கூட வேலை செய்கிறவர்கள் இதை என் கிறுக்கு என்று நினைக்கிறார்கள்.

போன வாரம் அது உறுமத் தொடங்கியது. தூசியாக இருக்கும் என்று மூடியைக் கழற்றினேன். இத்தனை வருடத்தில் முதல் தடவை. மூடியின் உட்புறம் அவள் சர்க்யூட் படத்தை ஒட்டி வைத்திருந்தாள். படத்தையும் உள்ளே இருப்பதையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். பாக்ஸ் ஒயர் சொருகுகிற இரண்டு முனைக்கும் குறுக்கே, உள்பக்கமாக, ஒரு வெள்ளை சிமெண்ட் ரெசிஸ்டர் சால்டர் பண்ணியிருந்தது. படத்தில் அது இல்லை.

எனக்குப் படிப்பு இல்லை, ஆனால் ஒயர் எங்கிருந்து எங்கே போகிறது என்று பார்க்கத் தெரியும். வெளியே எவனாவது ஒயரைப் புடுங்கினாலும் கரண்ட் போவதற்கு உள்ளே ஒரு வழி. ஆம்ப்ளிஃபையர் வெறிபிடித்து ஏறாமல் இருப்பதற்கு. எனக்காக வைத்தது. அந்த ரெசிஸ்டர் ஒரு பக்கம் கறுத்திருந்தது, அடியில் பலகை பழுப்பேறியிருந்தது. ஆறு வருடமாக நான் புடுங்கின ஒவ்வொரு தடவையும் அது வாங்கிக்கொண்டது.

புடுங்கினால் ஒன்றும் ஆகாது என்பதற்கு என்னிடம் இருந்த சாட்சி அவள் வைத்துவிட்டுப் போனது. நான் கடைக்குள்ளேயே, மூடியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அழுதேன் என்றுதான் சொல்லவேண்டும்.

அவள் நம்பர் என் போனில் அப்படியே இருந்தது. காலை பதினொரு மணிக்கு எழுதி அனுப்பினேன்: "அன்னிக்கு ஒயரப் புடுங்கினது நான்தான்மா. பொய் சொல்லிட்டேன்."

சாப்பாட்டு நேரத்தில் பதில் வந்தது.

"தெரியும்ணா. உள்ள வெச்சது கறுத்துப்போச்சா? அதே அளவுல வேற வாங்கி மாத்திடுங்க."

கோபமா, மன்னிப்பா? இரண்டாகவும் படித்துப் பார்த்தேன், இரண்டாகவும் இருந்தது. ஒரு செங்கல் போய்விட்டது, சுவரும் போகட்டும் என்று துணிந்தேன். "இன்னொண்ணும் சொல்லணும்மா. அந்த சோடா குடுத்த அன்னிக்கு" என்று அனுப்பிவிட்டு, அடுத்ததாக "அஞ்சு நிமிஷம் இல்ல, நாப்பது" என்று அடித்தேன். அனுப்புவதற்கு முன்னால் அவள் பதில் வந்துவிட்டது.

"வேணாம்ணா. அத மட்டும் நான் ஓட்டிப் பாக்கல. அஞ்சுன்னு சொன்னீங்க, அஞ்சாவே இருக்கட்டும். வேற நம்பர் குடுத்தா நான் ஓட்டிப் பாத்துடுவேன்."

நான் அடித்து வைத்திருந்ததை ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். "சரிம்மா" என்று மட்டும் அனுப்பினேன்.